நின்றுபோன ரைடிங் மோவரைத் தள்ளுவது எப்படி?

போன மாதம் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கோடியில் எங்கள் ரைடிங் மோவர் (மேலே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) பொசுக்கென்று நின்றுவிட்டது. பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிட்டு நானும் மகனும் மூச்சுமுட்டத் தள்ளினோம், பின்சக்கரம் புல்லைப் பிய்த்துக்கொண்டு இழுபட்டதே தவிர உருளவில்லை.

கியர் வண்டி என்றால் நியூட்ரலில் போட்டுத் தள்ளிவிடலாம். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம் சுழலும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் அது நடக்காது, உள்ளே இருக்கும் எண்ணெய் சக்கரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை விடுவிக்கத்தான் பைபாஸ் கம்பி. பெரும்பாலும் வண்டியின் பின்பக்கம், டிரெய்லர் மாட்டும் ஹிட்ச் தகட்டுக்குப் பக்கத்தில் சின்னதாகத் துருத்திக்கொண்டிருக்கும் (எங்களுடையது காய்ந்த புல்லுக்குள் புதைந்து கிடந்தது). சாவியை எடுத்துவிட்டு, கம்பியை வெளியே இழுத்து, சாவித்துளை மாதிரி இருக்கும் வெட்டில் ஒருபக்கமாக மாட்டினால் சரி. சில மாடலில் உள்ளே தள்ள வேண்டியிருக்கும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வண்டிகளில் பெரும்பாலும் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும்.

சரிவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், விடுவித்ததும் வண்டி தானாக உருள ஆரம்பித்துவிடும். காரில் கட்டி இழுக்கவும் வேண்டாம், டிரான்ஸ்மிஷன் போய்விடும். மெதுவாகக் கையால்தான் தள்ள வேண்டும். வெட்டும் டெக்கை மேலே தூக்கிவிட்டு, காற்றில்லாத டயருக்குக் காற்றடித்தால் பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.

ஷெட்டில் சேர்த்ததும் கம்பியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். ரிப்பேர் முடிந்து எஞ்சின் ஜோராக ஓடியும் வண்டி நகரவில்லையே என்று அரைமணி நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.