புது கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கேமிங் பிசி வாங்க நினைக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணே, இப்பவே வாங்கலாமா, அடுத்த கார்டு வரட்டும்னு இருக்கலாமா?" செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா அம்மா மிச்சம் பிடித்துக் கொடுத்த வெள்ளி அது. அதனால் யோசித்துத்தான் பதில் சொல்வேன். நான் பார்த்த வரையில், இனிமேல் வரப்போகும் ஏதோ ஒன்றை நம்பி இன்றைக்குக் காசைக் கொட்டும்போதுதான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

முதலில் மெமரி, அதாவது கார்டிலேயே இருக்கும் நினைவகம். என்விடியா நிறுவனம் 2025இல் விட்ட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8 ஜிபியிலும் இருக்கிறது, 16 ஜிபியிலும் இருக்கிறது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படித்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் விலை குறைந்ததை எடுத்துவிடுகிறார்கள். புதிய கேம்கள் பலவற்றில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் போர்த்தும் படங்களின் தரத்தை) உயர்த்தினால் 8 ஜிபி நிரம்பிவிடும். அப்புறம் கார்டு கணினியின் ரேமிலிருந்து தரவை இழுத்துவர வேண்டும். படம் திக்கித் திக்கி ஓடும். பழைய மதர்போர்டு என்றால் இன்னும் மோசம். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போய்வரும் பாதைக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். அதில் 5060 டிஐ எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பழைய 3.0 பதிப்பு உள்ள போர்டில் அந்தப் பாதையின் வேகம் 5.0இல் கிடைப்பதில் கால் பங்குதான்.

"நியூரல் டெக்ஸ்சர் கம்ப்ரெஷன் வரப்போகிறது, 8 ஜிபி போதும்" என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதீர்கள். நுட்பம் உண்மையானதுதான். ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க், சுருக்கி வைத்த டெக்ஸ்சரை வேண்டியபோது விரித்துக் கொடுக்கும். ஆனால் கேமை உருவாக்குபவர்கள் அதைச் சேர்த்தால்தான் பலன். ஏற்கெனவே வந்த கேம் தானாக மாறிவிடாது. வண்ண விளக்கு விசிறியையும் கண்ணாடிப் பெட்டியையும் விட்டுவிட்டு, அந்தக் காசில் 16 ஜிபி எடுங்கள்.

அடுத்தது பிரேம் கணக்கு, அதாவது ஒரு நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது. 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090இன் வேகத்தைத் தரும் என்று மேடையில் சொன்னார். அந்தக் கணக்கு டிஎல்எஸ்எஸ் 4 என்ற என்விடியாவின் ஏஐ நுட்பத்தை நம்பி நிற்கிறது. கார்டு உண்மையில் வரையும் ஒரு பிரேமுக்கு மூன்று பிரேம் வரை ஏஐ சேர்த்துக் கொடுக்கும். கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் நீங்கள் பட்டனை அழுத்தினால் அதற்கு அசைவது உண்மையான பிரேம் மட்டுமே. 30ஐ 120 ஆக்கினாலும் கைக்கு 30இன் மந்தம்தான் தெரியும். இப்படி ஏஐ பிரேம் சேர்க்கும் பிரேம் ஜெனரேஷனை அணைத்துவிட்டு எடுத்த எண்ணைத் தேடிப் பாருங்கள். அது 60ஐத் தொட்டால், மேலே சேர்ப்பது நல்ல போனஸ்.

சரி, காத்திருந்தால் விலை இறங்குமா? அதை நம்பி உட்கார முடியாது. ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டதால் 2025 இறுதியில் ரேம் விலை ஏறியது. கிராபிக்ஸ் கார்டுக்கும் மெமரி சிப்பு வேண்டுமே. அந்த டிசம்பரில் மெமரி சிப் தயாரிக்கும் மைக்ரான், குருஷல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது.

பழைய கார்டு தேடுகிறவர்கள் ஜிடிஎக்ஸ் 1060 போன்றவற்றை விட்டுவிடுங்கள். அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு முடிந்தது.

கடைசியாக மின்சாரம். கார்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, பவர் சப்ளையைப் பெயர் தெரியாத மலிவுப் பெட்டியாக வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பெரிய கார்டு என்றால் 16 முள் கனெக்டரை இடைவெளி தெரியாமல் முழுக்கச் செருகுங்கள். 2022இல் 4090 கார்டுகளில் கனெக்டர் உருகியதற்கு, சரியாகச் செருகாததும் ஒரு காரணம். நம் ஊரில் இதோடு சாயங்கால இடிமழையும் சேர்ந்துகொள்கிறது. திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரை மட்டும் நம்ப வேண்டாம். வானம் இருட்டியதுமே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், மோடத்திலிருந்து வரும் இணையக் கேபிளையும் (லேன்) சேர்த்து. மின்னல் அந்த வழியாகவும் மதர்போர்டுக்கு வரும்.