ஓய்வுக்குப் பிறகு ஹூஸ்டன் பக்கம் வருகிறீர்களா? அரசியலையும் விசாரித்துவிட்டு வாருங்கள்

நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ வாழ்நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு டெக்சாஸுக்குக் குடிவரும் தமிழர்களை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். காரணங்கள் தெரிந்தவைதான். மாநில வருமான வரி கிடையாது, பனி தள்ள வேண்டாம், பியர்லேண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது, பிள்ளைகளில் ஒருவருக்காவது இங்கே வேலை இருக்கும். இதையெல்லாம் துருவித் துருவி விசாரிப்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்கத் தயங்குவார்கள்: இந்த ஊர் அரசியல் நமக்கு ஒத்துவருமா?

தாராளமாகக் கேளுங்கள். வேலையில் இருந்தவரை ஊர் அரசியல் பிடிக்காவிட்டாலும் ஆபீஸ், பிள்ளைகள் என்று பொழுது ஓடிவிட்டது. இனி நாள் முழுக்க அந்தத் தெருவில்தான் இருக்கப்போகிறீர்கள். நான் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன். 1994க்குப் பிறகு மாநில அளவிலான எந்தப் பதவியையும் அந்தக் கட்சி ஜெயிக்காத ஒரு மாநிலத்துக்குத் தெரிந்தேதான் வந்தேன். குடியரசுக் கட்சி ஆதரவாளர் ஒருவர் சியாட்டிலுக்குக் குடிபோனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையேதான், பதில்கள் மட்டும் வேறாக இருக்கும்.

முதலில், 'டெக்சாஸ் என்றால் இப்படித்தான்' என்ற எண்ணத்தை ஓரமாக வையுங்கள். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போல) ஒரு விதமாக ஓட்டுப் போடும், வடக்கே மாண்ட்கோமரி கவுண்டி அதற்கு நேர்மாறு. ஷுகர் லேண்ட் இருக்கும் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் 2016லிருந்து நடந்த மூன்று அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளரே முந்தினார், 2024ல் மயிரிழையில். பியர்லேண்டின் பெரும்பகுதி இருக்கும் பிரஸோரியா கவுண்டி குடியரசுக் கட்சியின் பக்கம். கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் பிரிசிங்க்ட் எனப்படும் சிறு வாக்குப் பகுதி வாரியாக முடிவுகள் இருக்கும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீடு எந்தப் பிரிசிங்க்டில் வருகிறது, அங்கே ஓட்டு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். அறுபதுக்கு நாற்பது என்றால் பத்து வீட்டில் நான்கு வீடு உங்களோடு ஒத்துப்போகும் என்று அர்த்தம். மாநிலம் எந்தக் கட்சிப் பக்கம் என்று மட்டும் பார்த்தால் இது தெரியாது.

வீடு பார்க்க எப்போது வருவது என்பதும் முக்கியம். எல்லாரும் ஜனவரி, பிப்ரவரியில் நல்ல வெயிலுக்கு வந்து, கோயிலுக்குப் போய், இரண்டு நண்பர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இரட்டைப்படை வருஷத்து அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் வந்து தங்குங்கள். முற்றத்துப் பலகைகள் எல்லாம் வெளியே வந்திருக்கும். நூலகங்களில், தேர்தல் நாளுக்கு முன்பே ஓட்டுப் போடும் ஏர்லி வோட்டிங் நடக்கும். வாசலில், பிரசாரம் செய்யக் கூடாத எல்லைக்கோட்டுக்கு அப்பால் இரண்டு கட்சிக்காரர்களும் நோட்டீஸோடு நிற்பார்கள். ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பத்து நிமிஷம் நின்று பாருங்கள். அந்த வட்டாரம் எப்படிப்பட்டது என்று வீட்டு ஏஜெண்ட் சொல்லாதது அங்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது நிறையப் பேருக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. முகவரியில் கேட்டி என்றோ ரிச்மண்ட் என்றோ இருக்கும், ஆனால் வீடு நகர எல்லைக்குள் இருக்காது. அப்படியானால் உங்களுக்கு மேயரும் இல்லை, நகர கவுன்சிலும் இல்லை. தண்ணீர், சாக்கடை எல்லாம் 'மட்' என்று இங்கே சொல்லும் பயனீட்டு மாவட்டத்தின் கையில். அதற்கென்று தனியாக வரி உண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டும் உண்டு. அந்தப் போர்டு தேர்தலில் விழுவது கைவிரல் விட்டு எண்ணும் அளவு ஓட்டுகள்தான். அதன் கூட்டங்களுக்கு யாரும் போகலாம். பகலில் நேரம் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் போனால் கேள்வி கேட்கவும் முடியும், பதிலும் கிடைக்கும். அங்கே யாரும் உங்கள் கட்சியைக் கேட்பதில்லை.

வாக்காளர் பதிவை வந்த வாரமே முடியுங்கள். டிரைவிங் லைசென்ஸை 90 நாளுக்குள் மாற்ற வேண்டும், அப்போதே வாக்காளர் பதிவையும் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் காகித விண்ணப்பம்தான். அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, தேர்தலுக்கு 30 நாள் முன்னால் கவுண்டிக்கு அனுப்பிவிட வேண்டும். நியூ ஜெர்சியில் போல யார் வேண்டுமானாலும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்பது இங்கே இல்லை. ஆனால் 65 வயதானவர்கள் காரணம் சொல்லாமலே தபால் ஓட்டுக் கேட்கலாம். ஒவ்வொரு வருஷமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2021ல் வந்த சட்டப்படி விண்ணப்பத்திலும் உறையிலும் எழுதும் அடையாள எண், உங்கள் வாக்காளர் பதிவில் இருப்பதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் திருப்பி விடுவார்கள். ஆகவே பதிவு செய்யும்போதும் விண்ணப்பிக்கும்போதும் லைசென்ஸ் எண், சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு இலக்கம் இரண்டையுமே எழுதுங்கள். நேரில் போய் ஓட்டுப் போடும் 70 வயதுக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு: லைசென்ஸ் காலாவதியாகி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் அடையாளமாக ஏற்றுக்கொள்வார்கள்.

பிரைமரி, அதாவது ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முன்தேர்தல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெக்சாஸில் கட்சி வாரியாக வாக்காளர் பதிவு இல்லை. பிரைமரி அன்று வாக்குச்சாவடி மேஜைக்குப் போனால், அங்கே இருப்பவர் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வேண்டும் என்று கேட்பார். வரிசையில் உங்களுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர் நின்றுகொண்டிருக்கலாம். முதல் தடவை தொண்டை அடைக்கும். தயங்காமல் சொல்லுங்கள். எந்தக் கட்சிப் பிரைமரியில் ஓட்டுப் போட்டீர்கள் என்பது எப்படியும் பொதுப் பதிவில் இருக்கும், யாருக்கு என்பதுதான் ரகசியம். பிரைமரியிலேயே முடிவு தெரிந்துவிடும் இடங்களில், எதிர்க்கட்சிப் பிரைமரியில் ஓட்டுப் போட்டு இருப்பவர்களில் நிதானமானவரைத் தேர்ந்தெடுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் ரன்ஆஃப் என்ற இரண்டாம் சுற்று வந்தால் அதே கட்சியில்தான் தொடர முடியும்.

ஒற்றைப்படை வருஷத்து நவம்பரையும் விட்டுவிடாதீர்கள். மாநிலச் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை வருஷ ஜனவரியில் தொடங்கி 140 நாள் கூடுகிறது. அங்கே முடிவாகும் அரசியல் சட்டத் திருத்தங்கள் நவம்பரில் மக்கள் ஓட்டுக்கு வரும். 2025 நவம்பரில் மட்டும் 17 திருத்தங்கள் வந்தன. அதில் இரண்டு நேராக நம் பணப்பையைத் தொடுபவை. பள்ளி மாவட்டச் சொத்து வரி போடும்போது, குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பில் கழிக்கும் ஹோம்ஸ்டெட் விலக்கு 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 ஆனது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கூடுதல் விலக்கு 10,000லிருந்து 60,000 ஆனது. இரண்டும் சேர்ந்து 2,00,000. அதோடு, 65 வயதுக்காரர்களுக்குப் பள்ளி வரித் தொகையே உறைந்துவிடும், வீட்டைப் பெரிதாக்கினால் ஒழிய ஏறாது. நீங்கள் எதிர்க்கும் கட்சி கொண்டுவந்தது என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். புது வீட்டுக்கு இதெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும், வீட்டு மதிப்பைக் கணக்கிடும் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் படிவம் இருக்கிறது.

இனி கனமான விஷயம். மாநில அரசியல் நம் வயதில் அதிகம் தொடுவது மருத்துவமனையில்தான். பழைய மாநிலத்தில் எழுதிய உயிலையும் மருத்துவ முடிவுகளுக்கான அதிகாரப் பத்திரத்தையும் இங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, டெக்சாஸ் படிவங்களில் மறுபடி எழுதிக்கொள்ளுங்கள். இங்கே கணவன் மனைவி சொத்துச் சட்டமும் நியூ ஜெர்சி போல் இல்லை. சொந்தமாக முடிவெடுக்க முடியாத நோயாளிக்குச் சிகிச்சையைத் தொடர்வதில் பயனில்லை என்று மருத்துவமனையின் நெறிமுறைக் குழு சொல்லி, குடும்பம் ஒத்துக்கொள்ளாவிட்டால், வேறு இடம் தேட முன்பு 10 நாள்தான் அவகாசம். 2023ல் அதை 25 நாளாக்கினார்கள். யார் பேசுவது, என்ன பேசுவது என்று பிள்ளைகள் அந்த நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் நிற்காமல் இருக்க, இப்போதே எழுதி, ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள். மெடிகேர் என்ற மூத்தோர் மருத்துவக் காப்பீடு மத்திய அரசுடையது, கூடவே வரும். ஆனால் அதைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் அட்வாண்டேஜ் பிளான் பழைய ஊரோடு போய்விடும், குடிபெயர்ந்த பிறகு இரண்டு மாதத்துக்குள் மாற்றுங்கள்.

மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்டிலிருந்து டெக்சாஸில் கருக்கலைப்பு கிட்டத்தட்ட முழுவதும் தடை. தாயின் உயிருக்கோ உடலின் முக்கியச் செயல்பாட்டுக்கோ பெரிய ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அந்த விலக்கைத் தெளிவாக்க 2025ல் ஒரு சட்டம் போட்டார்கள். இதில் உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும், கர்ப்பம் சிக்கலானால் இந்த மருத்துவமனை என்ன செய்யும் என்று டாக்டரிடம் மகள் வருவதற்கு முன்பே நேராகக் கேட்டுவிடுங்கள். பிரசவ வலியின் நடுவில் கேட்கும் கேள்வி அல்ல இது.

துப்பாக்கி விஷயமும் பலரை உலுக்கும். 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர்கள் பெரும்பாலும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே நடமாடலாம். கடை வாசல்களில் 30.06, 30.07 என்ற எண்களோடு, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஓர் அங்குல எழுத்தில் ஒரு பெரிய அறிவிப்பைப் பார்ப்பீர்கள். முதல் எண் மறைத்து எடுத்துவருவதற்கு, இரண்டாவது வெளியே தெரிய எடுத்துவருவதற்கு. உரிமம் வைத்திருப்பவர்கள் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று பொருள். வழிபாட்டுத் தலங்களுக்கும் இதுவே விதி, அறிவித்தால்தான் தடை. உங்கள் கோயிலில் பலகை இருக்கிறதா என்று கமிட்டியைக் கேளுங்கள். பேரக்குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடப் போகும்போது, "துப்பாக்கி பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. துப்பாக்கி வைத்திருக்கும் பொறுப்பான பெற்றோர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தெருவில் பெரும்பாலும் உங்களிடம் வரும் முதல் கேள்வி கட்சி பற்றி இருக்காது. "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்பார்கள். மதம் மாற்ற வருகிறார்கள் என்று சுருங்கிவிட வேண்டாம், இங்கே நலம் விசாரிக்கும் முறை அது. மீனாட்சி கோயிலுக்கு என்று சொல்லுங்கள், ஒரு நாள் வாருங்கள் என்று கூப்பிடுங்கள். எல்லாரும் அப்படியில்லை என்பதும் உண்மை. 2024 ஆகஸ்டில் ஷுகர் லேண்ட் அஷ்டலட்சுமி கோயிலில் 90 அடி அனுமார் சிலையைத் திறந்ததை எதிர்த்து ஒரு சிறு குழு வந்தது. சிலை இன்றும் நிற்கிறது, மக்களும் வருகிறார்கள். வீட்டு வாசல் தோரணத்தையோ சாமி படத்தையோ எடுக்கச் சொல்லி எச்ஓஏ என்னும் வீட்டுச் சொந்தக்காரர் சங்கம் கடிதம் போட்டால் பயப்படாதீர்கள். மதச் சின்னங்களைத் தடுக்கக் கூடாது என்று 2021லேயே மாநிலச் சட்டம் விரிவாக்கப்பட்டிருக்கிறது. தேர்தல் பலகையும் அப்படித்தான், தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து 10 நாள் பின்வரை வைக்க விட்டாக வேண்டும்.

நம் ஆட்களுக்குள்ளேயே பிளவு உண்டு, அதுதான் அதிகம் புண்படுத்தும். வரிக்காகவும் வியாபாரத்துக்காகவும் குடியரசுக் கட்சியை ஆதரிக்கும் தமிழர்கள் இங்கே நிறைய. விருந்தில் சண்டை வந்தால் முகம் பார்க்காமல் போய்விடுகிறார்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆள் தேடும்போதுதான் வலிக்கும். கருத்தை மறைக்கச் சொல்லவில்லை, ஒருவர் மட்டும் எதிரில் இருக்கும்போது பேசுங்கள், கூட்டத்தில் வேண்டாம். அதே தெருவில் எச்1பி வேலை விசாவில் இருக்கும் பிள்ளைகளையும் நினைத்துப் பேசுங்கள். 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்த நாளில் அவர்கள் தூங்கவில்லை. நமக்குக் குடியுரிமையும் ஓட்டும் இருக்கின்றன, அவர்களுக்கு இல்லை. பள்ளி போர்டிலும் மட் கூட்டத்திலும் அவர்கள் சார்பில் எழுந்து பேச நம்மால் முடியும்.

கடைசியாக வீடு. வந்தவுடன் வாங்காமல் ஒரு வருஷமாவது வாடகைக்கு இருங்கள். முடிந்தால் ஒரு சட்டமன்றக் கூட்டத்தொடரையும் ஒரு நவம்பர் தேர்தலையும் இங்கே இருந்து பாருங்கள். தேர்தலுக்கு அடுத்த வாரம் கணவனும் மனைவியும் தனித்தனியாக யோசித்து, இங்கேயே இருக்கலாமா என்று ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். அதுவரை பழைய ஊர் வீட்டை விற்காதீர்கள், இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்பிப் போக இடம் இருக்க வேண்டும்.