எங்கள் மணிக்கு வந்த உண்ணிக் காய்ச்சல்

ஒரு வயதுகூட நிரம்பாத எங்கள் நாய் மணி திடீரென்று சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. எதையோ தின்றிருக்கும், எங்கேயோ அடிபட்டிருக்கும் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ரொம்பக் குறைவு. காரணம் எர்லிக்கியா என்ற பாக்டீரியா, உண்ணி கடித்துப் பரவுவது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 4 வாரம் கொடுக்கச் சொன்னார். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். பால், தயிரோடு கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அதனால் கோழிக்கறி பிசைந்த சோற்று உருண்டைக்குள் வைத்து ஊட்டி, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வைத்தேன். சீக்கிரமே வாலாட்ட ஆரம்பித்துவிட்டான். ஆனாலும் மாத்திரையை நடுவில் நிறுத்தவில்லை. நமக்கு வாங்கி வைத்திருக்கும் காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள், பாரசிட்டமால் அதற்கு விஷமாகிவிடும்.

அப்புறம் உண்ணி வேட்டை. காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில் தினமும் தடவிப் பார்க்கிறேன். உண்ணி சுவர் விரிசலிலும் முட்டையிடும் என்பதால், அவன் படுக்கும் திண்ணையின் வெடிப்புகளையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று.