அடுப்புக்குப் போகக் கூடாத பச்சைக் கட்டை

போன டிசம்பரில் ஊட்டி பக்கம் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம், வெளியே புல் மேல் உறைபனி. வெந்நீர் அடுப்பில் அத்தை சொருகிய கட்டையைப் பார்த்துப் பதறிவிட்டேன். பிடுங்கிப் போட்ட பழைய வேலிக் கம்பம் அது. அறுத்த முனையில், விளிம்பைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு இளம்பச்சை. நடுவில் மரத்தின் சொந்த நிறம். "நல்லா காஞ்ச கட்டைடா, சட்டுனு பத்திக்கும்" என்றார்.

அந்தப் பச்சை, செம்பு. அதோடு குரோமியமும், நஞ்சான ஆர்செனிக்கும் சேர்ந்தது சி.சி.ஏ.; மரம் மட்காமலும் கரையான் அரிக்காமலும் இருக்க ஏற்றும் மருந்து. 1933இல் இதைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டு விஞ்ஞானி சொந்தி காமேசம். செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்செனிக் கரையானைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு இறுக்கிப் பிடித்து வைக்கும். மழையில் ஊறும் மலைக்கு அருமையான மருந்துதான். ஆனால் நெருப்பில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. ஆர்செனிக்கில் கொஞ்சம் புகையோடு கிளம்பும், மீதி சாம்பலில் தங்கும். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கணப்பு மூட்டும் வீடுகளில் அந்தப் புகை எங்கே போகும்?

சாம்பல் அதைவிட மோசம். நாம் அதைப் பூண்டுப் பாத்தியில் தூவுகிறோம், பாத்திரம் தேய்க்கிறோம். உப்புக் கரிக்கிறது என்று மாடு வந்து நக்கும். இந்தச் சாம்பலை நக்கி மாடுகள் செத்திருக்கின்றன.

"இருபது வருஷ மழையில எல்லாம் கரைஞ்சு போயிருக்கும்" என்பது அடுத்த தவறு. மேல்பரப்பு சாம்பல் நிறமாக வெளுத்துப் பச்சை மறைந்தாலும், உள்ளே பெரும்பகுதி அப்படியே இருக்கும். உலோகம் மட்கிப் போகாது. மண்ணில் நடும் கம்பத்துக்கு அமெரிக்கத் தரம், கன மீட்டருக்கு 6.4 கிலோ மருந்து. அந்தக் கணக்கில் முழுக்க மருந்து ஏறிய, பத்து சென்டிமீட்டர் சதுரமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள ஒரே கம்பத்தில் சுமார் 20 கிராம் ஆர்செனிக். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் எல்லை. அந்த 20 கிராமும் கரைந்தால் 20 லட்சம் லிட்டர் தண்ணீர் எல்லையைத் தொட்டுவிடும். நம் மலைச் சரிவுகளில் மேலே கரைவது கீழே ஊற்றுக்கும் ஓடைக்கும்தானே வரும்?

பாத்திக்கு வரப்பாக இந்த மரத்தை வைப்பதும் வேண்டாம். நம் மலை மண் புளிப்பு (அமில) மண். புளிப்பு ஏற ஏற மரத்திலிருந்து செம்பும் ஆர்செனிக்கும் கூடுதலாகக் கசியும். உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் நாம் அள்ளிப் போடும் பாஸ்பேட் உரமோ, மண்ணில் ஒட்டியிருக்கும் ஆர்செனிக்கைப் பிரித்து நகர்த்திவிடும். மரத்தூளை மட்க வைக்கவும் கூடாது. கட்டையைவிடத் தூளில் நீர் படும் பரப்பு பல மடங்கு அதிகம். அறுப்பவர் முகமூடி போட வேண்டும், சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும்.

மருந்து ஏற்றிய புது மரம் வாங்குபவர்கள் அவசரப்படுகிறார்கள். வெயில் ஊரில் சில நாளில் மருந்து மரத்தோடு பிணைந்துவிடும். குளிரில் வாரக்கணக்கில் ஆகும். ஈரமாய், பச்சை நீர் சொட்டும் கம்பத்தை மழைக்கு முன் நட்டால் மருந்து மண்ணுக்குத்தான். கூரைக்கடியில் நன்றாக உலர்த்திய பிறகே நடுங்கள்.

தார் எண்ணெய் ஏற்றிய பழைய ரயில் கட்டைகளில் தோட்ட பெஞ்சு செய்வதும் பரவி வருகிறது. வெயில் ஏறினால் எண்ணெய் கசிந்து தோலில் ஒட்டும். குழந்தைகள் உட்காரும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

சரி, வேறு வழி? வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்குப் போராக்ஸ், போரிக் அமிலம் போதும். மழையில் கரைந்துவிடும் என்பதால் வெளியே உதவாது. வேலிக்குக் கல்தூண் நடலாம், உயிர்வேலியும் வைக்கலாம்.

அத்தை வீட்டில் மீதியிருந்த பதினோரு கம்பங்களையும் தகரக் கொட்டகைக்குள், தரையில் படாமல் கல் மேல் அடுக்கினோம். அடுப்புச் சாம்பலை ஈரத்துணியால் அள்ளி, மூடியுள்ள பெயிண்ட் டப்பாவில் போட்டு, மாடும் பிள்ளைகளும் எட்டாத உயரத்தில் வைத்தோம். இப்போது வெந்நீருக்குச் சீகை (வாட்டில் மரம்) விறகுதான்.