பிளாஸ்மா படத்தைத் திறக்குமுன் ஒரு பக்கக் கணக்கு

அக்கா மகன் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு, பிளாஸ்மா என்கிற, எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் கொதிவாயுவின் வெப்பத்தைக் காட்டும் மைக்ரோவேவ் படங்களோடு காவேரிப்பட்டணம் வீட்டுக்கு வந்திருந்தான். லேப்டாப்பைத் திறந்து நேராக வண்ணப்படத்துக்குப் போனான். “மூடுடா, நோட்டை எடு” என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் சுற்றும் வேகம் ஒரு டெஸ்லாவுக்கு (புலத்தின் அளவை அலகு) 28 கிகாஹெர்ட்ஸ். சுற்றும்போது அவை மைக்ரோவேவ் அலை வீசும்; அதன் பலம்தான் வெப்பநிலையைச் சொல்லும். நாம் பெரும்பாலும் பிடிப்பது அதன் இரட்டிப்பு, 56. டோகமாக் என்பது பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாகப் பிடித்துவைக்கும் இயந்திரம். அதில் நடுத்தூணை விட்டு விலக விலகப் புலம் குறையும். அதனால் அதிர்வெண் தெரிந்தால் இடம் தெரியும். தர்மபுரியில் ஏறி பெங்களூரு போகிற பஸ்ஸில் எந்த எஃப்எம் எடுக்கிறது என்பதை வைத்தே ஊரைச் சொல்கிறோமே, அப்படி.

குஜராத்தில் உள்ள ஆதித்யா-யு மாதிரி ஒரு டோகமாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆரம், அதாவது தூணின் மையத்திலிருந்து பிளாஸ்மாவின் நடுவரை, 75 செ.மீ.; சிறிய ஆரம், அந்த நடுவிலிருந்து விளிம்புவரை, 25. நடுவில் 1.5 டெஸ்லா என்றால் 84 கிகாஹெர்ட்ஸ். வெளி விளிம்பு 100 செ.மீ.யில் 63. உள் விளிம்புக்கு மருமகன் 63-ஐ விடக் குறைவாகப் போட்டான். தூணுக்குப் பக்கம் புலம் கூடும்டா, 50 செ.மீ.யில் 126 வரும். இந்த அட்டவணை இல்லாமல் படம் பார்த்தால் இடமும் வலமும் மாறிப்போகும்.

உயரத்தை லென்ஸும் வரிசையாக நிற்கும் ஆன்டெனாக்களும் பிரித்துக் கொடுக்கும். ஜெர்மனியில் 2013 வரை இயங்கிய டெக்ஸ்டர் டோகமாக்கின் கருவியில் 16 உயரம், 8 ஆரம், மொத்தமே 128 புள்ளிதான் இருந்தது. போன் கேமரா பார்த்த கண்ணுக்குச் சிரிப்புதான் வரும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் சமிக்ஞையைக் கொண்டுவரும் தடம் தனி; தடத்துக்குத் தடம் அதைப் பெருக்கிக் காட்டும் அளவு வேறு. மாங்காய் மண்டியில் தராசு மாறினால் எடை மாறுகிற கதை. ஆகவே சமிக்ஞையை அதன் சொந்தச் சராசரியால் வகுத்த பிறகே பக்கத்துத் தடத்தோடு ஒப்பிடுங்கள். விளிம்புப் புள்ளிகளை நம்ப வேண்டாம். அங்கே பிளாஸ்மா மெலிந்திருக்கும், காட்டுவது உண்மை வெப்பநிலை அல்ல.

அடர்த்தியையும் பார்த்துவிடுங்கள். 1.5 டெஸ்லாவில் கன மீட்டருக்கு சுமார் 4.4×10¹⁹ எலக்ட்ரானைத் தாண்டினால் நடுவிலிருந்து இந்த அலை வெளியே வராது. ஒருமுறை நடுப்புள்ளிகள் இருண்டதும் “பிளாஸ்மா குளிர்ந்தது” என்று எழுதி அனுப்பினேன். “அடர்த்தி பார்த்தாயா?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இனி படத்தைத் திறக்கலாம். முதலில் ரம்பப்பல் அலையைத் தேடுங்கள். நடுத்தடம் மெல்ல ஏறிச் சடாரென்று விழும். அதே நொடியில் வெளித்தடம் எகிறும். உள்ளே இருந்த வெப்பம் வெளியே பாய்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஏறாமலும் இறங்காமலும் ஒரு தடம் நிற்கும். மருமகன் அதன்மேல் விரலை வைத்து, “மாமா, இது மட்டும் செத்துக் கிடக்கு” என்றான். அதன் அதிர்வெண்ணுக்கு நேரே அட்டவணையில் உள்ள ஆரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.