ஆப்பிரிக்கப் பெருவிலங்கு வேட்டை: குண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காட்டெருமை வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ரைபிள் வாங்கலாம்?" என்றுதான். ரைபிள் உங்கள் கையிலேயே இருக்கும். விலங்கின் உடலுக்குள் போவது ஒரு கட்டைவிரல் அளவு உலோகம் மட்டும். அதனால் எந்த விலங்கு, அதற்கு எந்தக் குண்டு, அதைச் சுடும் ரைபிள் எது என்ற வரிசையில் யோசிப்பதே சரி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, தான்சானியா போல உரிமத்தோடு வேட்டை நடக்கும் நாடுகளுக்கான குறிப்பு. கென்யாவில் 1977-லேயே தடை வந்துவிட்டது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

படி 1: தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சில் இரண்டையும் தோட்டா என்றே சொல்லிவிடுகிறோம். பித்தளை உறை, அடியில் தீ மூட்டும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு, இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். ஒரே .375 தோட்டாவில் (.375 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்) பல விதமான குண்டுகளைப் பொருத்தி விற்கிறார்கள். பெட்டியின் மேல் .375 என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் பாதி விஷயத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். எடையை கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். 300 கிரெய்ன் என்றால் ஏறக்குறைய 19.4 கிராம்.

படி 2: சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு விதி மாறும். ஜிம்பாப்வேயில் யானை, காட்டெருமை, நீர்யானை ஆகியவற்றுக்குக் குண்டின் விட்டம் 9.2 மில்லிமீட்டருக்கும், ஆற்றல் 5,300 ஜூலுக்கும் குறையக் கூடாது. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கி நிறுவனம் 1912-இல் கொண்டுவந்த .375 மேக்னம் இந்த வரம்பைச் சற்றே தாண்டி நிற்கும். அதற்கு மேலே .416 ரிக்பி, .458 வின்செஸ்டர் மேக்னம், .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்று பட்டியல் நீளும். புதியவருக்கு .375 போதும் என்பது என் கருத்து. பெரிய ரைபிளின் உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டால் எவ்வளவு நல்ல குண்டும் வீண்தான்.

படி 3: பருமனுக்கு ஏற்ற எடை இருக்கிறதா?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. குண்டின் எடையை பவுண்டில் எடுத்து, விட்டத்தின் (அங்குலத்தில்) வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. .375-இல் 300 கிரெய்ன் குண்டுக்கு 0.305 வரும். .416-இல் 400 கிரெய்னுக்கு 0.330. .458-இல் 500 கிரெய்னுக்கு 0.341. பெருவிலங்குகளுக்கு இந்த எண் 0.300-க்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது பழைய வேட்டைக்காரர்களின் வழக்கம். ஒரே பருமனில் நீளமும் கனமும் கூடக் கூட, குண்டு ஆணி போல இறங்கும்.

'கராமோஜோ' பெல் என்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் ரைபிளால், 173 கிரெய்ன் சாலிட் (விரியாத) குண்டால்தான் சுட்டார். அந்தக் குண்டுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 0.306 வருகிறது. .375-இன் 300 கிரெய்ன் குண்டும் அதுவும் ஒரே தரம்! ஆனால் அவர் யானையின் மண்டையோட்டையே அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். நாம் படிக்கவில்லை. அந்த ரைபிளால் இன்று யானை சுடச் சட்டமும் அனுமதிக்காது.

படி 4: சாஃப்ட்டா, சாலிட்டா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சாஃப்ட் குண்டு, உள்ளே ஈயம், மேலே செம்புச் சட்டை, நுனி திறந்தது. தசையில் பட்டதும் காளான் போல விரியும். விரிந்தால் காயம் அகலும், ஆழம் குறையும். மலிவான சாஃப்ட் குண்டு கனத்த எலும்பில் பட்டால் சட்டை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் எனச் சிதறிவிடும். 1946-இல் கனடாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது இந்தத் தொல்லையைப் பட்ட ஜான் நோஸ்லர்தான், நடுவில் செம்புத் தடுப்பு வைத்த பார்ட்டிஷன் குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி கட்டுக்கோப்பாக உள்ளே போகும். ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் என்ற குண்டு அதே தடுப்போடு ஈயத்தைச் சட்டையோடு ஒட்டவும் வைக்கிறது. பார்ன்ஸ் டி.எஸ்.எக்ஸ். ஈயமே இல்லாத முழுச் செம்பு. செம்பு ஈயத்தைவிட லேசானது, அதே எடைக்குக் குண்டு நீண்டுவிடும். ஆகவே இதில் ஒரு படி எடை குறைத்து, .375-க்கு 270 கிரெய்ன் எடுப்பவர்கள் உண்டு. விரிந்த பிறகும் எடையை இழக்காததால் 0.300 கணக்கை இதற்குக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியதில்லை.

சாலிட் குண்டு விரியவே விரியாது. எஃகுச் சட்டை போட்டதாகவோ, முழுக்கப் பித்தளை அல்லது செம்பாகவோ இருக்கும். அதன் வேலை நேராக, ஆழமாகப் போவது. உருண்டை மூக்கைவிடத் தட்டை மூக்கு உள்ளே திசை மாறாமல் போகிறது. பழைய இரட்டைக்குழல் ரைபிள் வைத்திருப்பவர்கள் மட்டும், முழு உலோக சாலிட்டைப் போடும் முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள். மெல்லிய குழாய் சேதமாக வாய்ப்புண்டு.

படி 5: விலங்கைப் பார்த்துப் பொருத்துங்கள்

யானைக்குச் சாலிட் மட்டுமே. நெற்றியிலிருந்து மூளை வரை தேன்கூடு போன்ற எலும்பு தடிமனாக இருக்கிறது. தண்ணீரில் நிற்கும் நீர்யானையின் தலைக்கும் சாலிட்தான். சிங்கமும் சிறுத்தையும் மெல்லிய தோல்காரர்கள், அவற்றுக்கு நன்றாக விரியும் சாஃப்ட் வேண்டும். சாலிட் ஊசி போலத் துளைத்துவிட்டுப் போகும், காயம்பட்ட சிங்கம் உங்கள் பக்கம் திரும்பும்.

காட்டெருமைதான் சிக்கல். (நீலகிரியில் நாம் காட்டெருமை என்று சொல்வது வேறு இனம்.) கூட்டமாக நிற்கும். சாலிட்டால் சுட்டால் குண்டு மறுபக்கம் வெளியேறிப் பின்னால் நிற்கும் இன்னொரு காட்டெருமையையும் காயப்படுத்தலாம். அதனால் முதல் குண்டு உயர்தர சாஃப்ட், தோளை நோக்கி. ஓட ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. பின்புறம் மட்டும் தெரியும். அங்கிருந்து இதயத்துக்குப் போக, ஈரப்புல் நிறைந்த வயிற்றைக் கடந்தாக வேண்டும். ஈரப்புல் சாஃப்ட்டை நிறுத்திவிடும். ஆகவே மேகசினில் (ரைபிளில் தோட்டாக்களை அடுக்கும் இடத்தில்) முதல் தோட்டாவுக்குக் கீழே இருப்பதெல்லாம் சாலிட். சிலர் இப்போதெல்லாம் எல்லாவற்றையும் சாஃப்ட்டாகவே வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் வழிகாட்டி வேட்டைக்காரர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

படி 6: சுடுதளத்தில் சோதனை

இரண்டு வகைக் குண்டும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று 50 மீட்டரிலும் 100 மீட்டரிலும் பாருங்கள். மேசையில் உட்கார்ந்து அல்ல, முக்காலிக் கம்பில் ரைபிளைத் தாங்கி, நின்றுகொண்டு.

அப்புறம், மேகசினை நிரப்பி வேகமாக போல்ட்டை (தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளும் பாகத்தை) இழுத்துத் தள்ளுங்கள். நான் ஆசையாக வாங்கிய தட்டைமூக்கு சாலிட் மூன்றில் ஒன்று அறைவாயில், அதாவது தோட்டா நுழையும் குழாயின் பின்வாயில், இடித்து நின்றுவிட்டது. நல்லவேளை, எதிரே நின்றது காகிதக் காட்டெருமை. தோட்டாப் பெட்டியை மாற்றி, கொஞ்சம் வட்டமான விளிம்புள்ளதை எடுத்த பிறகுதான் சரியானது. சில முறை சுட்ட பின் மேகசினில் மிஞ்சியதை எடுத்து, உதையில் குண்டு உறைக்குள் இறங்கியிருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள்.

கடைசியாக, சாலிட் தோட்டாக்களின் அடியில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு இடுப்பு வாரின் வலப்பக்கம் செருகுங்கள். சாஃப்ட் இடப்பக்கம். அவசரத்தில் கைக்கு எது வருகிறது என்று குனிந்து பார்க்க நேரம் இருக்காது.