ஒரு செல், ஒரு பல்ப், ஒரே ஒயர்: மின்சுற்றைக் கையால் செய்து பார்ப்போம்

மின்சுற்று என்றதும் பாடப்புத்தகத்தின் கோட்டுப்படம் ஞாபகம் வரும். அதைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். 1.5 வோல்ட் செல் ஒன்று, இழை உள்ள சின்ன டார்ச் பல்ப் இரண்டு (எல்.இ.டி. இப்போது வேண்டாம்), பிளாஸ்டிக் உறை போட்ட செம்பு ஒயர் நான்கைந்து துண்டு, ஒட்டுவதற்கு டேப். இவ்வளவுதான் தேவை. ஒயர்களின் இரு முனையிலும் உறையைக் கொஞ்சம் உரித்துக்கொள்ளுங்கள். போனில் இருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி கூடாது. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் பக்கம் போகவே கூடாது.

படி 1: ஒரே ஒயரால் எரிய வையுங்கள்

மேலே படிக்காமல் முதலில் நீங்களே முயன்று பாருங்கள். பள்ளி நாளில் நான் செய்தது இது: பல்பின் அடிக்குமிழைச் செல்லின் பாசிட்டிவ் முனையில் வைத்தேன். ஒயரின் ஒரு முனை செல்லின் அடியில், மறுமுனை அதே குமிழில். பல்ப் எரியவில்லை, விரல்தான் சுட்டது. பல்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி வேறொன்றை மாட்டினேன். அதுவும் எரியவில்லை.

பல்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய டங்ஸ்டன் இழையின் ஒரு கால் அடிக்குமிழுக்குப் போகிறது, இன்னொரு கால் பக்கவாட்டு உலோக மரைக்குப் போகிறது. இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு வளையம். ஆக, ஒயர் தொட வேண்டியது மரையை. தொட்டதும் எரியும். நான் குமிழையே தொட்டதால் மின்சாரம் இழைக்குள் நுழையாமலே செல்லுக்குத் திரும்பிவிட்டது. ஷார்ட் சர்க்யூட் என்பது இதுதான். ஒயர் சுடுகிறதா? உடனே கையை எடுங்கள்.

படி 2: மூன்று சொற்கள்

சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்த கணமே பின்சக்கரம் சுற்றுகிறது. மிதித்த இடத்தில் இருந்த கண்ணி அங்கே போய்ச் சேரும்வரை சக்கரம் காத்திருப்பதில்லை. ஒயரிலும் அப்படித்தான். மின்சாரத்தைச் சுமக்கும் நுண்துகள்களான எலக்ட்ரான்கள் ஒயரில் முன்பே எங்கும் நிறைந்திருக்கின்றன. அவை நகர்வதோ ஆமை வேகத்தைவிட மெதுவாக. ஆனாலும் பல்ப் சட்டென்று எரிகிறது.

மிதிக்கும் வலு மின்னழுத்தம், அலகு வோல்ட். செயின் ஓடும் அளவு மின்னோட்டம், அலகு ஆம்பியர். சக்கரம் காட்டும் எதிர்ப்பு மின்தடை, அலகு ஓம். இன்னொன்று: சக்கரத்தைச் சுற்றிய செயின் தேயாமல் திரும்பி வருகிறது அல்லவா? பல்புக்குள் போகும் மின்னோட்டமும் அதே அளவில்தான் வெளியே வருகிறது. பல்ப் மின்னோட்டத்தைத் தின்றுவிடுவதில்லை, ஆற்றலை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பரீட்சையில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மூன்றையும் இணைக்கும் விதியை ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்டார். மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம். எரியும்போது 5 ஓம் தடை உள்ள பல்புக்கு 1.5 வோல்ட் கொடுத்தால் 0.3 ஆம்பியர். "எரியும்போது" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இழை சூடேறினால் தடையும் ஏறும். அணைந்த பல்பின் தடையை மல்டிமீட்டரில் (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் கருவி) அளந்தால் குறைவாகத்தான் காட்டும்.

படி 3: இரண்டு பல்புகள்

ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வழியில் இணையுங்கள். இது தொடரிணைப்பு. 1.5 வோல்ட்டை இரண்டும் பங்கு போடுவதால் வெளிச்சம் நன்றாக மங்கும், இருட்டில்தான் தெரியும். ஒன்றைக் கழற்றினால் செயின் அறுந்த மாதிரி, மற்றதும் அணையும். ஸ்விட்ச் செய்வதும் இதே வேலைதான்.

அப்புறம், ஒவ்வொரு பல்பில் இருந்தும் தனித்தனியாக இரண்டு ஒயர்களைச் செல்லுக்குக் கொண்டுபோங்கள். இது பக்க இணைப்பு. இரண்டுக்கும் முழு 1.5 வோல்ட் கிடைக்கும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். வீட்டில் ஓர் அறை விளக்கை அணைத்தால் இன்னோர் அறை இருளாததும் இதனால்தான். வெளிச்சம் துளி குறைந்தால் செல்லுக்குள்ளேயே இருக்கும் தடைதான் காரணம். செல் சீக்கிரம் தீர்ந்துபோகும், அது வேறு விஷயம்.

எதுவும் எரியவில்லையா?

பல்பைக் குறை சொல்வதற்கு முன் செல்லில் விரலை வைத்துத் தொடங்கி, ஒயர் வழியே போய், மறுபடி செல்லுக்கே திரும்பி வாருங்கள். பெரும்பாலும் டேப் செம்பின் மேல் ஒட்டாமல் பிளாஸ்டிக் உறையின் மேல் ஒட்டியிருக்கும்.